களிம்பின் பெயரும் களிம்பின் விலையும்

சிரங்கு ஒருவரோடு நின்றுவிடும் நோயன்று. வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டால், அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவ்வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் மருந்து பூசிக்கொண்டாக வேண்டும். இரவில் கழுத்து முதல் பாதம் வரை பெர்மெத்ரின் 5 விழுக்காட்டுக் களிம்பைப் பூசி, காலையில் குளித்து, உடைகளையும் படுக்கை விரிப்புகளையும் வெந்நீரில் துவைக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுமுறையும் பூச வேண்டும். பெரியவர் ஒருவருக்கு ஒரு முறைக்கு ஏறத்தாழ 30 கிராம் களிம்பு தேவைப்படும். ஆறு பெரியவர்கள் வாழும் வீட்டுக்கு இரண்டு முறைக்கும் சேர்த்து 12 ட்யூப். ஒரு ட்யூபின் விலையில் 40 ரூபாய் வேறுபாடு இருந்தால், அவ்வீட்டுக்கு அது 480 ரூபாய். அந்தத் தொகையைத் தாங்க இயலாத குடும்பம் என்ன செய்யும் என்பதைத் தோல் மருத்துவர்கள் நன்கறிவர். அரிப்பு மிகுந்தவருக்கு மட்டும் ஒரு ட்யூப் வாங்கப்படும். மற்றவர்கள் காத்திருப்பார்கள். ஒரு மாதத்தில் நோய் வீடு முழுவதும் திரும்பியிருக்கும்.

ஒரே மருந்துப்பொருள், ஒரே வலிமை, ஒரே எடை. எனினும் ஒரே மருந்துக் கடையின் அடுக்கில் அது வெவ்வேறு பெயர்களில் வெவ்வேறு விலைகளில் நிற்கிறது. இந்த வேறுபாடு வேதியியலில் பிறந்ததன்று. சட்டங்களிலும் நீதிமன்றங்களிலும் வணிக வழக்கங்களிலும் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக உருவாகி வந்தது. அதன் வரலாறு, சுருங்கச் சொன்னால், மருந்தின் பெயர் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கின் வரலாறு.

விடுதலைக்குப் பின்னரும் இந்தியாவில் நடைமுறையில் இருந்தது 1911ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டமே. அச்சட்டத்தின் கீழ் ஒரு மருந்துப்பொருளின் மீதே காப்புரிமை பெற முடிந்தது. காப்புரிமைகளில் மிகப் பெரும்பான்மை அயல்நாட்டு நிறுவனங்களிடம் இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை இந்திய மண்ணில் உற்பத்திக்கு வரவேயில்லை. அமெரிக்க நாடாளுமன்ற மேலவையில் எஸ்டெஸ் கெஃபாவர் தலைமையில் மருந்து விலைகளை ஆராய்ந்த குழு, 1960களின் தொடக்கத்தில், உலகிலேயே மருந்து விலை மிக உயர்ந்த நாடுகளுள் ஒன்றாக இந்தியாவைக் குறிப்பிட்டது. வறுமை மிகுந்த நாடொன்றில் விலை செல்வ நாடுகளுக்கு நிகராக, சில இடங்களில் அவற்றையும் விஞ்சி நின்றது.

இந்நிலையை மாற்றுவதற்கான கருத்தடித்தளத்தை அமைத்தவர் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்து பின்னர் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்ற என். இராஜகோபால ஐயங்கார். 1959 செப்டம்பரில் அவர் அளித்த அறிக்கை, உணவுக்கும் மருந்துக்கும் பொருள் காப்புரிமை வழங்கலாகாது, செய்முறைக்கு மட்டுமே வழங்கலாம் என்று பரிந்துரைத்தது. நீண்ட எதிர்ப்புக்குப் பிறகு அக்கருத்து 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டமாகி, 1972 ஏப்ரல் 20 அன்று நடைமுறைக்கு வந்தது. மருந்துச் செய்முறைக் காப்புரிமையின் ஆயுளும் காப்பு வழங்கிய நாளிலிருந்து ஐந்து ஆண்டு அல்லது விண்ணப்ப நாளிலிருந்து ஏழு ஆண்டு, இவற்றுள் எது குறைவோ அது என்று சுருக்கப்பட்டது. வேறொரு வழியில் அதே மருந்தைச் செய்யத் தெரிந்த எவரும் இனி அதைச் செய்யலாம். 2005இல் பொருள் காப்புரிமை திரும்பி வரும்வரை அமைந்த இந்த 33 ஆண்டுகளில்தான் இந்தியாவின் மருந்துத் தொழில் வளர்ந்தது.

ஆனால் காப்புரிமை நீங்கிய இடத்தில் வேறொரு வேலி எழுந்தது. அதுவே வணிகப் பெயர்.

பிற நாடுகளில் ஜெனரிக் என்ற சொல், காப்புரிமை தீர்ந்தபின் மருந்தின் பொதுப் பெயரிலேயே விற்கப்படும் மலிவான மருந்தைக் குறிக்கும். இந்தியாவில் ஏறக்குறைய எல்லா மருந்துகளுமே ஜெனரிக்குகள்தாம். எனினும் அவை ஒவ்வொன்றும் ஒரு தனிப்பெயரைச் சூட்டிக்கொண்டு விற்பனைக்கு வந்தன. குளோபெட்டசால் என்ற ஒரே ஸ்டீராய்டு, டெர்பினாஃபின் என்ற ஒரே பூஞ்சை மருந்து, பத்துப் பத்தாகப் பெயர்களைப் பெற்றது. நிறுவனத்தின் பிரதிநிதி மருத்துவரிடம் எடுத்துச் சென்றது அப்பெயரைத்தான். மருத்துவர் சீட்டில் எழுதியதும் அப்பெயரைத்தான். நோயாளிக்கோ தான் பூசிக்கொள்வது இன்ன பொருள் என்று தெரிய வழியில்லாமற் போயிற்று. பொருள் எதுவென்று தெரியாதவர் விலையை ஒப்பிட முடியாது. விலை வேறுபாடு நிலைத்து நிற்பதற்கு இந்த அறியாமை ஒன்றே போதுமானது.

இதை அரசு அறியாமலில்லை. ஜெய்சுக்லால் ஹாத்தி தலைமையில் 1974இல் அமைக்கப்பட்ட குழு, 1975 ஏப்ரலில் தன் அறிக்கையை அளித்தது. இந்திய மருந்துக் கொள்கையின் வரலாற்றில் மிகுதியாக மேற்கோள் காட்டப்படுவதும், மிகக் குறைவாக நிறைவேற்றப்பட்டதும் இவ்வறிக்கையே எனலாம். வணிகப் பெயர்களைப் படிப்படியாக ஒழித்து, மருந்துகளைப் பொதுப் பெயரில் மட்டுமே விற்க வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. அதன் எதிரொலியாக 1981இல் அரசு ஐந்து மருந்துகளை மட்டும் தேர்ந்தெடுத்தது. அனால்ஜின், ஆஸ்பிரின், குளோர்ப்ரோமசின், ஃபெரஸ் சல்ஃபேட், பைப்பரசின் ஆகிய அவ்வைந்தும் தனித்து விற்கப்படுகையில் வணிகப் பெயர் தாங்கலாகாது என விதி திருத்தப்பட்டது. நிறுவனங்கள் தில்லி உயர் நீதிமன்றத்தை அணுகின. 1982இல் அவ்விதி வீழ்ந்தது. ஐந்து மருந்துகளோடு தொடங்கிய முயற்சி ஆறாவது மருந்தை எட்டவேயில்லை.

பெயரைக் கட்டுப்படுத்த இயலாத அரசு விலையைக் கட்டுப்படுத்த முயன்றது. 1962ஆம் ஆண்டின் சீனப் போரை ஒட்டிய நெருக்கடிக் காலத்தில் மருந்து விலைகள் முதன்முதலாக ஆணைக்கு உட்பட்டன. 1970இல் இன்றியமையாப் பொருள்கள் சட்டத்தின் கீழ் முறையான மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. 1979ஆம் ஆண்டின் ஆணை 347 மூலமருந்துகளைக் கட்டுப்பாட்டில் வைத்தது. 1987இல் அந்த எண்ணிக்கை 142 ஆகவும், 1995இல் 74 ஆகவும் சுருங்கியது. இந்த ஆணைகள் உற்பத்திச் செலவைக் கணக்கிட்டு, அதன்மேல் குறிப்பிட்ட விழுக்காட்டை மட்டும் சேர்க்க இடமளித்தன.

அந்த 74 மருந்துகளுள் ஒன்று பீட்டாமெத்தசோன். இங்கேதான் தோல் மருந்துகளின் வரலாறு பொது வரலாற்றிலிருந்து சற்றே விலகித் தனிவழி செல்கிறது. மலிவான மருந்து மக்களுக்கு நன்மை என்பது பொதுவிதி. பீட்டாமெத்தசோன் களிம்பு மலிவாகவும் எங்கும் கிடைப்பதாகவும் இருந்தது. அது நன்மையாக மட்டும் முடியவில்லை. ஸ்டீராய்டுகள் மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத எச் அட்டவணையில் இருந்தபோதிலும், மேற்பூச்சு வடிவங்களுக்கு அவ்வட்டவணையின் குறிப்பொன்று நெடுங்காலம் விலக்களித்து வந்தது. படர்தாமரைக்கும் முகப்பருவுக்கும் நிறம் கூட்டவும் கடைக்காரரின் சொல்லைக் கேட்டே மக்கள் அதை வாங்கினர். அரிப்பு இரண்டு நாளில் அடங்கியது. அடியில் பூஞ்சை பரவியது. முகத்தோல் மெலிந்து சிவந்து, களிம்பை நிறுத்தினால் எரியத் தொடங்கியது. இந்தியத் தோல் மருத்துவர்கள் இதற்கு 'ஸ்டீராய்டால் சிதைந்த முகம்' என்றே ஒரு பெயர் வைக்க நேர்ந்தது. நாட்டின் 12 தோல் மருத்துவ மையங்களில் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வொன்று, முகத்தோல் நோயோடு வந்த 2,926 பேரைப் பரிசோதித்தது. அவர்களுள் 433 பேர் ஸ்டீராய்டுக் களிம்பைப் பயன்படுத்தி வந்தனர். அந்த 433 பேரில் 257 பேருக்கு அதைப் பரிந்துரைத்தவர் மருத்துவரே அல்லர். 2018 மார்ச்சில்தான் 14 மேற்பூச்சு ஸ்டீராய்டுகள் எச் அட்டவணைக்குள் வந்தன.

விலையை மட்டும் குறைத்து, விற்பனையின் வாயிலைக் காவலின்றி விட்டால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. மலிவு குற்றமன்று, எந்தப் பொருளை வாங்குகிறோம் என்ற அறிவின்றி வந்த மலிவே தீங்காயிற்று.

2013ஆம் ஆண்டின் ஆணை கணக்கிடும் முறையையே மாற்றியது. இன்றியமையா மருந்துகளின் தேசியப் பட்டியலில் உள்ளவை மட்டுமே இனிக் கட்டுப்பாட்டுக்கு உரியவை. அவற்றின் உச்ச விலையை உற்பத்திச் செலவு தீர்மானிக்காது. சந்தையில் ஒரு விழுக்காடும் அதற்கு மேலும் பங்குள்ள எல்லாப் பெயர்களின் விலைகளைக் கூட்டிச் சராசரி கண்டு, அதனோடு சில்லறை வணிகரின் 16 விழுக்காட்டைச் சேர்த்தால் கிடைப்பதே உச்ச விலை. சந்தையில் மிகுதியாக விற்பது பெரும்பாலும் மலிவான பெயரன்று. நன்கு விளம்பரப்படுத்தப்பட்ட பெயர். எனவே சராசரி என்பது ஏற்கெனவே உயர்ந்திருந்த விலைகளின் சராசரியாக அமைந்தது. உச்சியில் நின்ற சில பெயர்கள் இறங்கின. கீழே இருந்தவை உச்ச விலை வரை ஏறுவதற்கு இடம் பெற்றன.

பட்டியலில் உள்ள மருந்தின் உச்ச விலை ஆண்டுதோறும் மொத்த விலைக் குறியீட்டோடு சேர்ந்து அசையும். பட்டியலில் இல்லாத மருந்தின் விலையை நிறுவனம் ஆண்டுக்கு 10 விழுக்காடு வரை உயர்த்தலாம். 2022 ஏப்ரலில் குறியீட்டின்படி அனுமதிக்கப்பட்ட உயர்வு 10.77 விழுக்காடு, 2023 ஏப்ரலில் 12.12 விழுக்காடு. கட்டுப்படுத்தப்பட்ட மருந்துக்குக் கட்டுப்படுத்தப்படாததைவிட மிகுதியான உயர்வு கிட்டிய விந்தை இவ்விரு ஆண்டுகளிலும் நிகழ்ந்தது.

தோல் மருந்துகளைப் பொறுத்தவரை இவ்வாணையின் பெரிய இடைவெளி வேறிடத்தில் இருந்தது. பட்டியல் ஒரு மருந்தைக் குறிப்பிட்ட வலிமையிலும் குறிப்பிட்ட வடிவிலுமே சுட்டுகிறது. பெர்மெத்ரின் 5 விழுக்காட்டுக் களிம்புக்கு உச்ச விலை உண்டு. அதே பெர்மெத்ரின் சோப்பாக வந்தால் அது வேறு பொருள். ஒரு பூஞ்சை மருந்து தனியே வந்தால் ஒரு கணக்கு. அதனோடு ஒரு ஸ்டீராய்டையும் ஒரு நுண்ணுயிர்க்கொல்லியையும் கலந்தால் வேறு கணக்கு. உண்ணும் மருந்தில் மூன்றை ஒன்றாக்குவது எளிதன்று; களிம்பில் அது எளிது. பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, அரிப்புக்கு ஒன்று எனக் கலந்த களிம்பு, நோய் எதுவென்று அறியாமலே விற்பதற்கு வசதியானது. இத்தகைய கலவைகள் பல, நடுவண் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஒப்புதலின்றி மாநில உரிமங்களோடு சந்தைக்கு வந்தன என்பதை நாடாளுமன்ற நிலைக்குழுவின் 59ஆவது அறிக்கை 2012 மே மாதத்தில் வெளிக்கொணர்ந்தது. 2016 மார்ச்சில் 344 கலவை மருந்துகள் தடை செய்யப்பட்டன. வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை சென்றன. மறு ஆய்வுக்குப் பின் 2018 செப்டம்பரில் 328 கலவைகளுக்குத் தடை மீண்டும் வந்தது. அப்பட்டியலில் ஸ்டீராய்டு கலந்த தோல் களிம்புகள் பல இருந்தன.

விலை வேறுபாட்டின் இன்னொரு முகம் நிறுவனங்களுக்கு இடையிலானது அன்று; ஒரே நிறுவனத்துக்கு உள்ளேயே இருப்பது. பல நிறுவனங்கள் ஒரே மருந்தை இரண்டு பெயர்களில் விற்கின்றன. ஒன்றை மருத்துவரிடம் எடுத்துச் சென்று எழுத வைக்கின்றன. மற்றொன்றை மருத்துவரை நாடாமல் கடைக்காரரிடமே தள்ளுகின்றன. இரண்டாவதைக் கடைக்காரர் மிகக் குறைந்த விலைக்கு வாங்குகிறார். ஆயினும் அதன்மேல் அச்சிடப்படும் அதிகபட்ச சில்லறை விலை முதலாவதுக்கு அருகிலேயே இருக்கக்கூடும். 2011இல் இந்திய மருந்தியல் இதழொன்றில் வெளியான ஆய்வு இதை அளந்து காட்டியது. ஒரே உற்பத்தியாளரின் இருவகைப் பெயர்களிலும் வந்த ஐந்து மருந்துகளை அது ஒப்பிட்டது. அரிப்புக்கும் தடிப்புக்கும் நாள்தோறும் எழுதப்படும் செட்டிரிசின் அவற்றுள் ஒன்று. தரச் சோதனையில் இருவகையும் தேறின. சில்லறை வணிகருக்குக் கிட்டிய இலாபம் முதல் வகையில் 25 முதல் 30 விழுக்காடு. இரண்டாம் வகையில் 201 முதல் 1,016 விழுக்காடு வரை. விலை குறைந்தது உண்மையே. ஆனால் குறைந்த தொகை நோயாளியின் கைக்கு வராமல் கடை மேசையின் மறுபக்கத்திலேயே நின்றுவிட்டது.

இங்கே நேர்மையாக எதிர்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. பெயர் வேறானால் தரமும் வேறாகாதா? தோல் மருந்தில் இக்கேள்வி வெறும் விற்பனைப் பேச்சன்று. மாத்திரையின் மருந்து இரத்தத்தில் எவ்வளவு சேர்ந்தது என்று அளக்கலாம். களிம்போ தோலிலேயே நின்று வேலை செய்ய வேண்டியது. மருந்துப்பொருள் ஒன்றாயினும், அதைத் தாங்கி நிற்கும் களிம்புத்தளம் வேறானால் தோலுக்குள் ஊடுருவும் அளவும் வேறாகும். ஸ்டீராய்டுகளுக்கு மட்டும், பூசிய இடத்தில் தோல் எவ்வளவு வெளுக்கிறது என்று கண்டு வீரியத்தை மதிப்பிடும் முறையை மெக்கன்சி, ஸ்டோட்டன் ஆகிய இருவர் 1962இல் வகுத்தனர். பிற களிம்புகளுக்கு அவ்வளவு எளிய அளவுகோல் இல்லை. படர்தாமரைக்கு உட்கொள்ளப்படும் இட்ரகோனசோல் குப்பிகளுக்குள் மருந்து நுண்மணிகளாக அடைக்கப்பட்டிருக்கும். 2018இல் தில்லியின் தோல் மருத்துவர்கள் சிலர், தோலை உருப்பெருக்கிப் பார்க்கும் கருவியின் கீழ் அம்மணிகளைக் கொட்டி எண்ணினர். மணிகளின் எண்ணிக்கையும் அளவும் சீர்மையும் பெயருக்குப் பெயர் வேறுபட்டன.

ஆகவே எல்லாப் பெயர்களும் ஒன்றே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வதற்கில்லை. ஆனால் இதிலிருந்து விலை உயர்ந்தது தரமானது என்ற முடிவும் பிறக்காது. தரத்தை உறுதி செய்ய வேண்டியது ஆய்வகமும் மருந்து ஆய்வாளரும், விலைச்சீட்டு அன்று. அரசின் சோதனை நம்பத்தக்கதாக இல்லாத இடத்தில் மக்கள் பெயரை நம்புகின்றனர். அந்த நம்பிக்கைக்குப் பெயர் ஒரு கட்டணம் வசூலிக்கிறது. விலை வேறுபாட்டில் ஒரு பங்கு, சோதனைக்காக அரசு செலவிடாத பணத்தை நோயாளியிடமிருந்து பெறும் வழியேயாகும்.

பெயரைத் தவிர்த்து, தரத்தையும் விலையையும் ஒருங்கே கையாள முடியும் என்று காட்டிய முயற்சிகள் இந்தியாவிலேயே உண்டு. 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளைப் பொதுப் பெயரில் ஒப்பந்தப்புள்ளி கோரி மொத்தமாக வாங்கியது. வந்து சேரும் ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்து ஆய்வகங்களுக்கு அனுப்பிய பின்னரே வழங்கியது. வாங்குபவர் ஒருவராகவும், பொருளை அறிந்தவராகவும், சோதிக்க வல்லவராகவும் இருந்தமையால் வணிகப் பெயருக்கு அங்கே வேலையில்லாமற் போயிற்று. இராஜஸ்தான் 2011 அக்டோபர் 2 அன்று தொடங்கிய இலவச மருந்துத் திட்டம் இவ்வழியைப் பின்பற்றியது. அதற்கு முன்பே, 1983இல் வதோதராவில் உருவான லோகாஸ்ட் என்ற அமைப்பு இலாப நோக்கின்றிப் பொதுப் பெயர் மருந்துகளைச் செய்து வந்தது. 2008 நவம்பரில் அமிர்தசரஸில் முதல் ஜன் ஔஷதிக் கடை திறக்கப்பட்டது. இன்று அத்தகைய கடைகள் 10,000ஐத் தாண்டிவிட்டன. ஆனால் மருத்துவர் வணிகப் பெயரை எழுதிய சீட்டோடு ஒருவர் அக்கடைக்குச் சென்றால், சீட்டிலிருப்பது இன்ன பொருள் என்று யாரேனும் அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு அவரால் அங்கே செல்லவும் இயல வேண்டும். கடையில் அந்த மருந்து இருப்பிலும் இருக்க வேண்டும்.

மருத்துவர் பொதுப் பெயரிலேயே எழுத வேண்டும் என்ற விதியை 2023 ஆகஸ்ட் தொடக்கத்தில் தேசிய மருத்துவ ஆணையம் கடுமையாக்கியது. தரம் உறுதி செய்யப்படாத நிலையில் தேர்வைக் கடைக்காரரிடம் ஒப்படைப்பதாகும் என்று மருத்துவர் அமைப்புகள் எதிர்த்தன. அதே மாதம் முடிவதற்குள் அவ்விதி நிறுத்திவைக்கப்பட்டது. மருத்துவரின் அச்சம் முற்றும் பொய்யன்று. மருத்துவர் கையிலிருந்து பெயரைப் பறித்து, 1,016 விழுக்காடு இலாபம் காணக்கூடியவரின் கையில் கொடுத்தால், மாறுவது தேர்ந்தெடுப்பவர் மட்டுமே. பணம் செலுத்துபவர் அப்போதும் அறியாதவராகவே இருப்பார்.

ஹாத்தி குழுவின் கனவில் மிஞ்சியது ஒன்றுண்டு. 2018 செப்டம்பர் முதல், மருந்தின் பொதுப் பெயர் வணிகப் பெயரைவிட இரண்டு எழுத்தளவு பெரிதாக அச்சிடப்பட வேண்டும் என்பது விதி. 43 ஆண்டுகளில் பொதுப் பெயர் ஈட்டிய வெற்றி அந்த இரண்டு எழுத்தளவு. அதற்கும் ஒரு விலக்கு உண்டு: மூன்றும் அதற்கு மேலும் மருந்துகள் கலந்த கலவைகளுக்கு அவ்விதி பொருந்தாது. தன்னுள் என்ன இருக்கிறது என்று மிகத் தெளிவாகச் சொல்ல வேண்டிய களிம்பு எதுவோ, அதுவே சிறிய எழுத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

சிரங்கு வந்த வீட்டுக்குத் தேவையான அறிவு பெரிதன்று. ட்யூபின் மேல் பெர்மெத்ரின் 5 விழுக்காடு என்று எழுதியிருக்கிறதா, எத்தனை கிராம், என்ன விலை. இம்மூன்றையும் படித்து, அதே பொருள் குறைந்த விலையில் உண்டா என்று கடையில் கேட்க ஒருவரால் முடிந்தால், 12 ட்யூபும் வீட்டுக்கு வந்து சேர வாய்ப்புண்டு. ஆறு பேரும் அன்றிரவே பூசிக்கொள்ளலாம். அவர் கேட்கும் கேள்விக்கு உண்மையான விடையும், அந்த விடைக்குப் பின்னே ஓர் ஆய்வகத்தின் சோதனையும் இருக்கச் செய்வது அரசின் வேலை. 1975இலேயே எழுதி வைக்கப்பட்ட வேலைதான் அது.